கதவு எண் இல்லாத வீடுகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிட்லபாக்கம் பக்கம் நான் அரசு நர்ஸாக இருந்தேன். அந்த ஐப்பசியில் நாலு நாள் மழை விடவில்லை. ஏரி நிரம்பி, கரையை ஒட்டிய குடிசைகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மழை நின்றதும் வீட்டுக்கு ஒரு அட்டை குளோரின் மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள். கையில் ஒரு பட்டியலும் தந்தார்கள். அதில் கதவு எண் உள்ள வீடுகள் மட்டும்தான். குடிசைகள் புறம்போக்கில் இருந்ததால் எண் கிடையாது.

பட்டியல்படியே போனேன். மாடி வீடுகளில், "நாங்க காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்று சொல்லியபடியே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

தெருமுனையில் ஒருத்தி வழிமறித்தாள். அந்த வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். இடுப்பில் மூன்று வயது மகள்.

"அக்கா, எங்க வூட்டாண்ட வரலியா? பம்புல தண்ணி நாறிக்கினு கீது."

"உங்க பக்கம் லிஸ்ட்ல இல்லம்மா. ஆபீஸ்ல கேட்டுட்டு நாளைக்குக் கொண்டு வரேன்."

பையில் மாத்திரை மீதி இருந்தது. ஆபீஸில் கேள்வி வருமே என்று கொடுக்கவில்லை.

மறுநாள் மீட்டிங். அதற்கடுத்த நாள் போனபோது குழந்தைக்கு வாந்திபேதி. கண் உள்ளே போயிருந்தது. உப்பு சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனால் ஊற்றினேன், கடைவாயில் வழிந்தது. ஆட்டோவில் தாம்பரத்துக்குப் போனோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போகும்வரை நின்றோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அவள் என்னைத் திட்டவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன், சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு டப்பா கறுப்பு பெயிண்ட் வாங்கிப்போய்க் குடிசைக் கதவுகளில் எண் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. அவள் கூடவே வந்து டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அவள் கதவுக்குப் பதினேழு.

ஆபீஸில் அதிகாரியிடம் புதுப் பட்டியலை நீட்டினேன்.

"இது என்னம்மா நம்பர்?"

"வீட்டு நம்பர் சார்."

கையெழுத்துப் போட்டுவிட்டார். அவ்வளவுதான் வேலை.

அடுத்த மழைக்கு முன்பே மாத்திரை வந்தது. அவள்தான் வீடு வீடாகக் கொடுத்தாள். "குடத்துக்கு ஒண்ணு போடு. அரை மணி கழிச்சுக் குடி," என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். பெண்கள் சேர்ந்து பம்பைச் சுற்றிக் கல் போட்டு மேடாக்கினார்கள். அந்த வருஷம் அங்கே யாருக்கும் பேதி இல்லை. ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று எழுதினேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. ஒன்றும் தோன்றவில்லை. பையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன்.