மூணாவது போகம்

பெரம்பலூர்ப் பக்கம் ஹைப்ரிட் என்றால் மக்காச்சோள விதைதான். திருச்சி ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் அந்தச் சொல்லை எடுத்ததும், துணைக்கு வந்திருந்த என் கொழுந்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எனக்கு இதயத்தில் மூன்று அடைப்பு. முன்பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய்க்கு மார்பின் இடப்பக்கம் சிறிதாகக் கீறி பைபாஸ். மற்ற இரண்டுக்கும் சில நாள் கழித்து மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட். இப்படி இரண்டு வழியையும் சேர்த்துச் செய்வதுதான் ஹைப்ரிட் என்றார் டாக்டர்.

"வேணாங்க அண்ணி. ஹைப்ரிட்டுல விதை எடுத்தா மறுபோகம் வெளங்காது" என்றார் கொழுந்தனார்.

டாக்டர் திருதிருவென்று விழித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் நெஞ்சைப் பற்றி முடிவு சொல்ல வீட்டில் எல்லோருக்கும் வாய் இருந்தது. என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"அறுபது வயசுல என்கிட்ட விதையா எடுக்கப் போறீங்க, தம்பி? டாக்டர், நீங்க தேதியச் சொல்லுங்க. கையெழுத்து நான் போடுறேன்" என்றேன்.

ஆபரேஷன் முடிந்த பிறகு ஒவ்வொரு புரட்டாசியிலும் நானே வயலில் நின்று மக்காச்சோளம் விதைக்கிறேன். இந்த வருடம் விதைக்கும்போது கொழுந்தனார் வரப்பில் வந்து நின்றார்.

"ஒடம்பு எப்படிங்க அண்ணி இருக்கு?"

"இது மூணாவது போகம், தம்பி. எண்ணிக்கிட்டே வாங்க."