கழற்றிவைத்த வளையலும் கருநீல வண்டியும்

அந்தத் தெருவில் டாக்ஸிக்காரர் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். கண்ணாடி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும். அவர் மூக்குக்கண்ணாடி போட்டவர் இல்லை. கண்ணாடிபோலப் பளபளத்த அவர் வண்டிக்கு வந்த பெயர் அவருக்கும் ஒட்டிக்கொண்டது. கருநீல வண்டி. சவாரிக்கு வருகிற பெண்கள் அதன் கதவில் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டுதான் ஏறுவார்கள். ஆண்கள், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் மீசையை ஒருதரம் நீவிவிட்டுக்கொள்வார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "அழகு பார்த்து முடிச்சாச்சுன்னா கிளம்பலாமா?" என்பார். புதிதாகக் குடிவந்த ஒரு மனிதர் உடைந்த ஜன்னல் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதை மாத்திக் குடுப்பீங்களா?" என்று வாசலில் நின்றதும், அவர் மனைவி உள்ளே ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் உண்டு.

அது வெறும் சவாரி வண்டி இல்லை. அவருடைய தங்கையைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட்டது அந்த வண்டிதான். மூன்றே வருஷத்தில் ஒரு பெட்டியோடு அவளைத் திரும்பக் கூட்டிவந்ததும் அந்த வண்டிதான். மனைவியின் அப்பா கடைசியாகச் சாய்ந்து உட்கார்ந்துபோனது அதன் பின்சீட்டில். அதே பின்சீட்டில்தான், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அவருடைய அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்து ஆளாகி, கார் சாமான் கடை வைத்திருக்கிறான்; அவனுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. யார் கேட்டாலும் வண்டியைக் காட்டி, "நான் பொறந்த வீடு இதுதான்" என்பான்.

இவ்வளவு பேரை ஏற்றிய வண்டியை மனைவி மட்டும் தொடக்கூடாது. உட்காரலாம், துணி கொண்டு துடைக்கக்கூடாது. "வளையல் கையோட பக்கத்துல வராத. ஒரு கோடு விழுந்தா எனக்கு ஒரு வாரம் சோறு இறங்காது" என்பார். அவளும் விடமாட்டாள். ஷெட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள். "என்னங்க, உங்க இளையவ குளிச்சு முடிச்சாளா? முடிச்சிருந்தா மூத்தவளுக்கும் ரெண்டு குடம் தண்ணி எடுத்துக் குடுங்க."

அப்படி மினுக்கிப் பார்த்தவருக்குத்தான் கண் போனது. சர்க்கரை வியாதி. முதலில் சாயங்கால வெளிச்சத்தில் தெருப் பெயர்ப்பலகைகள் கலங்கின. பிறகு எதிரே வருகிற விளக்கெல்லாம் பூசணிக்காய்போல ஊதித் தெரிந்தது. ஒருநாள் பட்டப்பகலில், சொந்த வீட்டு வாசல் தூணில் லேசாக இடித்தார். இறங்கி, இடித்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். சாவியை மனைவி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனவர்தான், அதற்குப்பிறகு அதைக் கேட்கவே இல்லை.

கண் போனபின் அவளுடைய வளையல் சத்தம்தான் அவருக்குக் கண்ணாக இருந்தது. அவள் அடுப்படியில் இருக்கிறாளா, கொல்லையில் இருக்கிறாளா, கோபமாக இருக்கிறாளா என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் தெரியும். சத்தம் நின்றுவிட்டால் போதும். "ஏம்மா, எங்க இருக்க?" என்பார். "இங்கதான் இருக்கேன்" என்பாள். நாள் முழுக்க இதே பாட்டு. சில சமயம் அவளுக்கு எரிச்சல் வரும். "எங்க ஓடிப்போகப் போறேன்? ஓடறதா இருந்தா முட்டி நல்லா இருந்தப்பவே ஓடியிருப்பேன்." அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிடுவார்.

வண்டியை விற்க முடிவுசெய்தது அவர்தான். "ஓடாத வண்டி உள்ளேயே செத்துப்போகும். என் கண்ணுக்கு வந்தது அதுக்கும் வரவேண்டாம்" என்றார். அக்கா மகன் ஓர் ஆளைப் பிடித்தான். டிரைவிங் பள்ளி நடத்துகிறவர். அவருக்குப் பழைய வண்டிதான் வேண்டுமாம்; அதில் பழகியவன் எதையும் ஓட்டிவிடுவானாம். எல்லாம் பேசி முடிந்தபின் டாக்ஸிக்காரர் ஒன்று கேட்டார்.

"இந்தப் புழுதியோட அனுப்ப மாட்டேன். என் வாசலைத் தாண்டறப்ப அதுல முகம் தெரியணும்."

"அதுக்கென்ன மாமா, பாலிஷ் கடையில விட்டா அரை நாள்ல பளபளன்னு கொண்டாந்துடறேன்."

"கண்டவன் கை அதுல படக்கூடாது."

"அப்ப யாரு செய்றது? நீங்களா?"

சொன்னபிறகுதான் சொன்னது உறைத்தது அவனுக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமா முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் செய்றேன்" என்றாள் மனைவி.

"அத்தை, இது பாத்திரம் துலக்கற வேலை இல்ல. மெஷின் பிடிக்கணும்."

"நீ பொறந்தப்ப அந்த சீட்டைக் கழுவித் துடைச்சது யாருன்னு உங்கம்மாகிட்டக் கேளுடா. மெஷினைக் கொண்டா."

மறுநாள் காலை மெஷினும் டப்பாக்களும் வந்தன. எதை முதலில் தொடுவது, எதைப் பிறகு தொடுவது என்று சொல்லிவிட்டு அவன் கடைக்குப் போனான். அவள் வளையல்களைக் கழற்றி ஜன்னல் ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் போட்டாள். கழற்றுகிற சத்தம் கேட்டு அவர் தலையைத் திருப்பினார்.

"என்ன பண்ற?"

"வளையல் கையோட வரக்கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க."

அவரை ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

மேலிருந்து கீழாகக் கழுவினாள். நிழலில் ஆறவிட்டாள். கார்க் கடையில் விற்கிற களிமண் கட்டியை, சோப்புத் தண்ணீர் விட்டு விட்டு, வண்டி முழுக்க வழுக்கிவிட்டாள். பெயின்ட்டில் ஒட்டியிருந்த கண்ணுக்குத் தெரியாத அழுக்கெல்லாம் அந்தக் கட்டியில் ஏறியது. "இப்ப என்னை எழுப்பிக் கூட்டிட்டுப் போ" என்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானட்டின்மேல் விரல் ஓட்டினார். வெறும் விரலுக்குத் தெரியாத நெருடல் பைக்குள் போன விரலுக்குத் தெரியும். "இங்க மணல் இருக்கு... இங்கயும்... கதவு நல்லா வந்திருக்கு." கதவைத் தாண்டும்போது மட்டும் அவர் கை கொஞ்ச நேரம் நின்றது. பின்சீட்டுக் கதவு.

பிறகு மெஷின். மெஷின் முனையில் இருக்கிற பஞ்சு வட்டத்தில் பாலிஷ் மருந்து வைத்து, பெயின்ட்டின்மேல் சுற்றவிட வேண்டும். பஞ்சில் நீலம் ஏறியதும் அவள் பதறினாள். "சாயம் போகுதுங்க!" "பழைய பெயின்ட்டு, மேல்தோல் உரியும். பயப்படாத. ஆனா ஒண்ணு, பானட் நடுவுல மேடா ஒரு கோடு போகுதே, அங்க பெயின்ட் மெல்லிசு. மெஷினை அங்க நிறுத்தவே நிறுத்தாத. ஓடிக்கிட்டே இருக்கணும்."

நன்றாகத்தான் செய்தாள். கதவுகள் முடிந்தன, கூரை முடிந்தது, டிக்கி முடிந்தது. சிலந்தி வலைபோலக் கிடந்த கீறல்கள் ஒவ்வொன்றாய்க் கரைந்து, அடியிலிருந்து கருநீலம் எழுந்து வந்தது. அவளுக்கே ஆச்சரியம். இதற்காகத்தான் இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் இங்கே கழித்தாரா என்று முதல்தடவையாகத் தோன்றியது.

பானட்டுக்கு வந்தாள். தகரக் கூரைக்குக் கீழே மெஷினின் உறுமல் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. அவள் முன்னால் இருக்கிறாளா, பின்னால் இருக்கிறாளா, இருக்கிறாளா இல்லையா என்று நாற்காலியில் இருந்தவருக்குத் தெரியவில்லை. வளையல் சத்தமும் இல்லை.

"ஏம்மா!"

வழக்கமான குரல் இல்லை அது. கூட்டத்தில் கை நழுவிப்போன குழந்தையின் குரல்.

அவள் திரும்பிவிட்டாள். "இங்கதாங்க இருக்கேன், இங்கதான்!" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கத்தினாள். முகம் தெளிகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். கை மட்டும் மெஷினை அழுத்தியபடி இருந்தது. கருகல் வாசனை வந்தபிறகுதான் குனிந்து பார்த்தாள். நடுக்கோட்டின்மேல், கட்டைவிரல் நகம் அகலத்துக்கு, நீலம் போய்ச் சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு தெரிந்தது.

மெஷினை நிறுத்தினாள்.

"என்ன வாசனை?" என்றார்.

"மெஷின் ஒயர் சூடாயிடுச்சு."

"ஓ" என்றார். "அப்ப கொஞ்சம் ஆறட்டும்."

மீதி வேலையை எப்படிச் செய்தாள் என்பது அவளுக்கே ஞாபகம் இல்லை. பளபளப்பு கலையாமல் இருக்க மேலே ஒரு பூச்சு பூசவேண்டும். "கொஞ்சமா எடு. இருக்கா இல்லையான்னு சந்தேகம் வரணும், அவ்வளவு மெல்லிசா இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் இழுத்தாள். பூச்சு ஆவிபடிந்ததுபோல வெளுத்து வந்ததும், துடைக்கிற துணியைத் தன் கையில் கேட்டு வாங்கிக்கொண்டார். பானட்டை அவர்தான் துடைத்தார். பஞ்சுபோன்ற துணிக்குள் அவர் விரல்கள் வட்டம் வட்டமாகப் போயின. நடுக்கோட்டுக்கு வந்தன. விரல்கள் அந்த இடத்தில் தயங்கினவா, தயங்கவில்லையா, அவளால் சொல்ல முடியவில்லை. தாண்டிப் போய்விட்டன.

"முகம் தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது."

"யார் முகம்?"

"நம்ம ரெண்டு பேர் முகமும்."

அது பொய் இல்லை. சாயங்கால வெளிச்சம் சாய்வாக வந்து விழுந்ததில் இரண்டு பேரும் உள்ளே நின்றார்கள். அவர் பார்க்கிற திசை மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. அவள் தாடையைத் தொட்டுத் திருப்பிவிட்டாள். "இப்ப நேரா இருக்கீங்க" என்றாள். அவர் அந்தக் கருநீலத்துக்கு எதிரே, படம் பிடிக்க நிற்கிறவர்போல, அசையாமல் ரொம்ப நேரம் நின்றார்.

விடிந்ததும், வாங்குகிறவர் வருவதற்குமுன், அவள் கண்மைச் சிமிழைத் திறந்து அந்தச் சாம்பல் புள்ளியின்மேல் தடவினாள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை.

டிரைவிங் பள்ளிக்காரர் அக்கா மகனோடு வந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் வாயாடி. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அடேயப்பா! இதுல பழகவர்ற பசங்க ரோட்டைப் பார்க்க மாட்டாங்க, முகத்தைத்தான் பார்ப்பாங்க" என்று சிரித்தார். சிரித்தபடியே பானட்டைத் தடவினார். விரலைத் தூக்கிப் பார்த்தார். கருப்பு.

"இது என்னம்மா? வண்டிக்கு மை போட்டிருக்கீங்க?"

அக்கா மகன் குனிந்து பார்த்தான். ஒரு பார்வையிலேயே புரிந்துவிட்டது அவனுக்கு. "அத்தை..." என்று ஆரம்பித்தான்.

"அது நான் சுட்டதுங்க" என்றார் நாற்காலியில் இருந்தவர். "ரொம்ப வருஷம் முன்னாடி. பாலிஷ் போடறேன்னு மெஷினை ஒரே இடத்துல வச்சுட்டேன். அவசர புத்தி. அவ பாவம், யாராவது பார்த்துச் சொன்னா நான் வருத்தப்படுவேன்னு மை வச்சிருக்கா. விலையில குறைச்சுக்கங்க."

"சேச்சே, எதுக்குக் குறைக்கணும்? பசங்க முதல் நாளே இதைவிடப் பெரிசா ஒரு கோடு போட்டுடுவானுங்க" என்றார் பள்ளிக்காரர், நல்ல எண்ணத்தில்தான். அக்கா மகன் சாவி தருகிற சாக்கில் அவர் முழங்கையைப் பிடித்து அப்பால் இழுத்துக்கொண்டு போனான்.

வண்டி கிளம்பியது. அவர் எழுந்து, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பு இடித்த அதே தூண். முதல் கியர், இரண்டாவது கியர், முனையில் பிரேக். திரும்பிவிட்டது. சத்தம் அடங்கியபின்னும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்றாள்.

"அந்த வாசனை எனக்குத் தெரியாதா?"

"ஏன் என்னைத் திட்டல?"

"உன்னை எதுக்குத் திட்டணும்? நான் கூப்பிட்டேன், நீ திரும்பின. கூப்பிட்டிருக்கக்கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "வளையலைப் போட்டுக்க" என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று முதல் அவர் கூப்பிடுவதை விட்டுவிட்டார். அவள் கொல்லையில் எவ்வளவு நேரம் நின்றாலும், பக்கத்து வீட்டில் பேச்சு நீண்டுபோனாலும், திரும்பிவந்து பார்த்தால் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருப்பார். கேட்டால், "உனக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்பார். "ஒருதரம் கூப்பிட்டாத்தான் என்ன?" என்று ஒருநாள் சண்டைக்கே போனாள். அதற்கும், "இருக்கட்டும்மா" என்ற ஒரே பதில்தான். எந்த வார்த்தைக்கு நாளெல்லாம் எரிச்சல்பட்டாளோ, அந்த 'ஏம்மா' வீட்டிலிருந்து போனது, வண்டி போன மாதிரியே.

இப்போதும் அவள் அடுப்படியில் வேலை முடிந்தபிறகு கொஞ்ச நேரம் நிற்கிறாள். உள்ளறையில் சத்தம் இல்லை. ஒரு வேலையும் இல்லாத கையைத் தூக்கி, வளையல் குலுங்கும்படி ரெண்டு தரம் உதறுகிறாள். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள்.