உளுந்துச் செடியின் மேல் ஓடிய பந்தயம்

முத்துப்பேட்டையிலிருந்து கும்பகோணம் வரை வருஷத்துக்கு ஒருநாள் நடக்கும் சைக்கிள் பந்தயம் எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் நம்புவது மீன்காரர்கள் கதையைத்தான். கேரியரில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஐஸ் கரைவதற்குள் யார் முதலில் கும்பகோணம் சந்தைக்குள் நுழைவது என்று அவர்கள் போட்ட போட்டி அது. பிறகு முத்துப்பேட்டைக் கடைக்காரர்கள் பித்தளைக் குடத்தைப் பரிசாக வைத்தார்கள். வளைகுடாவுக்குப் போனவர்கள் பணம் அனுப்ப ஆரம்பித்ததும் குடம் போய் ரொக்கம் வந்தது. ரொக்கத்தின் பின்னாலேயே கியர் சைக்கிளும், மார்பில் விளம்பரம் போட்ட வெளியூர் வீரர்களும் வந்தார்கள். சைக்கிள் ஓட்டுவதற்கே சம்பளம் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா அன்றைக்கு முழுக்கச் சிரித்தாள்.

பெண்களுக்குத் தனிப் பந்தயம் வைத்தது ரொம்பப் பின்னால்தான். அதில் என் அக்கா இறங்கினாள். முதலில் வருகிற பெண்ணைத் தன் அணியில் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொள்வதாக ஒரு மேனேஜர் சொல்லியிருந்தார். ஜெயிக்காவிட்டால் அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் பற்றி அக்கா வாயே திறக்கவில்லை. விடியும் முன் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போவாள், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் குடவாசலைத் தாண்டி, கும்பகோணம் போகும் ரோட்டில் இருக்கிறது. பந்தயத்தன்று காலை அக்காவைப் பார்க்க ரோட்டுக்கு வந்த எனக்குத் திக்கென்றது. சித்தப்பா ரோடு முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருந்தார். பங்குனியில் எங்கள் பக்கம் இது வழக்கம்தான். காய்ந்த செடியை ரோட்டில் போட்டால் போகிற வருகிற பஸ்ஸெல்லாம் அதன் மேல் ஏறும், காய் வெடித்து உளுந்து உதிரும், ஆள் கூலி மிச்சம். ஆனால் அன்றைக்குப் பந்தயத்துக்காக முதல் பஸ் போனதோடு போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். இது தெரிந்துதான் போட்டாரா என்று கேட்டேன்.

"அம்பது சைக்கிள் வருதாமேம்மா. ஒரு பஸ்ஸுக்குக் காணாதா?" என்றார், வெகு நிதானமாக.

எனக்கு வந்த கோபத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. சக்கரத்தில் செடி சுற்றினால் கழுத்து முறியும், வருகிறது உங்கள் அண்ணன் மகள் என்று கத்தினேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. இரண்டு பேருமாக ஒரு ஓரத்திலிருந்து வாரி வாரித் தள்ளினோம். கால்வாசிகூட முடியவில்லை, முன்னால் வரும் ஜீப்பின் சைரன் கேட்டுவிட்டது.

ஆறேழு பெண்கள் ஒரே கொத்தாக வந்தார்கள். அக்கா ஓட்டுவதை நான் தினமும் பார்த்தவள். அந்த வேகத்தை எதிரில் நின்று பார்த்ததில்லை. புதுத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். செடியைக் கண்டதும் மற்றவர்கள் பிரேக்கைப் பிடித்தார்கள். ஒரு பெண் சறுக்கி விழுந்தாள். மற்றவர்கள் இறங்கித் தங்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அக்கா பிரேக் பிடிக்கவில்லை. மிதிப்பதையும் நிறுத்திவிட்டாள்.

பந்தயத்தையே விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அவள் உடம்பைத் தாழ்த்தி, முதல் பஸ்ஸின் டயர் நசுக்கிவிட்டுப் போன தடத்துக்குள் சக்கரத்தை இறக்கி, சும்மா உருள விட்டாள். மிதித்தால் செயின் செடியை இழுத்துக்கொள்ளும், பிரேக் பிடித்தால் வழுக்கும். பள்ளிக்கூடம் போகும்போது பங்குனிக்குப் பங்குனி விழுந்து விழுந்து நாங்கள் இருவரும் கற்றது. நான் மறந்தே போயிருந்தேன். என்னை உரசுவது போலக் கடந்தாள். டயருக்கடியில் காய் வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. சித்தப்பா, தன் கையில் வளர்ந்த பிள்ளை என்பதையும் மறந்து, அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

சித்தப்பாவின் பைக்கில் நாங்கள் கும்பகோணம் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரே தகராறு. அக்காதான் முதலில் வந்திருந்தாள். உள்ளூர்ப் பெண்ணை ஜெயிக்க வைக்க ஊரே சேர்ந்து செய்த சதி என்று மற்ற அணிக்காரர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். கூலியை மிச்சம் பிடிக்கத்தான் போட்டேன் என்று சித்தப்பா சத்தியம் செய்தார். யாரும் காதில் வாங்கவில்லை. முடிவை ரத்து செய்யலாமா என்று நடுவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"செடிய வாரிட்டு, குடவாசல்லேருந்து மறுபடி விடுங்க. நான் ஓட்டுறேன்."

 இரண்டாவதாக வந்த வெளியூர்ப் பெண் பிளாட்பாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவங்க ஓட்டுவாங்க சார். என்னால எழுந்திரிக்கவே முடியல. இவங்களுக்கே குடுத்துடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு புகார் எடுபடவில்லை. மேனேஜர் அக்காவிடம் வந்து, எப்போது சேர முடியும் என்று கேட்டார். அம்மாவிடம் கேட்க வேண்டும், அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று ஏதாவது சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

"நாளைக்கே வர்றேன்" என்றாள் அக்கா.

அவள் ஜெயிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத கோயில் இல்லை. ஜெயித்தால் வைகாசி வரைகூட இல்லாமல் எங்களை விட்டுப் போய்விடுவாள் என்பது அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவே இல்லை.