மூன்றாம் நம்பர் பெஞ்சு

என் வீட்டுக்காரர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கண் கொட்டாமல் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. கிளம்பும்போதுதான் விஷயம் தெரிந்தது. என் தலைக்கு மேலே ஜன்னல் ஓரத்தில் ஒரு விரிசல் இருந்ததாம். அடைக்காவிட்டால் மழைக்குத் தண்ணீர் இறங்கும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் அவரைக் கட்டிக்கொண்டேன் என்றால் என் பொறுமையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவர் கொத்தனார். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'தூக்குக்குண்டு'. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் குண்டு அது. சட்டைப்பையில் அது இல்லாமல் கடைக்குக்கூடப் போகமாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் சுவரைத் தடவுவார். என் தம்பி கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே கட்டிலுக்குப் பின்னால் இருந்த டைல்ஸைத் தட்டினார். ஒரு டைல்ஸ் பொக்கென்று சத்தம் கொடுத்ததும் தம்பியைச் சுத்தமாக மறந்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதர், எங்கள் ஒரே மகள் மட்டும் இந்த வேலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். சிமெண்டு தின்ற உள்ளங்கையை விரித்துக் காட்டி, அவள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டும் என்பார். மகளோ கட்டட வேலைப் பயிற்சிப் பள்ளியில்தான் சேருவேன் என்றாள். அப்பாவுக்கும் மகளுக்கும் குரங்குப்பிடி. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான்.

அந்தச் சமயத்தில் அவள் படிக்கும் பள்ளியில் ஒரு போட்டி வந்தது. பிள்ளைகளுக்குக் கட்டட வேலைகளைப் பேச்சாகச் சொல்லாமல் கையால் செய்யவைத்தே அறிமுகப்படுத்தலாம் என்று பயிற்சிப் பள்ளிக்காரர்கள் செய்த ஏற்பாடு. பள்ளி வாசலில் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் உட்கார ஒரு பெஞ்சு வேண்டும். குழு குழுவாகச் சேர்ந்து, தாங்களே வடிவம் யோசித்து, படம் வரைந்து, செங்கல் வைத்துக் கட்ட வேண்டும். முதல் இரண்டு பரிசு வாங்கும் குழுக்களுக்குப் பயிற்சிப் பள்ளியில் நேரடியாக இடம், வீட்டில் சம்மதித்தால். மகள் பெயர் கொடுத்தாள். அப்பாவிடம் மூச்சுவிடாதே என்றாள், நானும் விடவில்லை. ஜெயித்துக்கொண்டு வந்து நின்றால் அவரால் மறுக்க முடியாது என்பது அவள் நினைப்பு.

அந்த நினைப்பில் போட்டிக்கு முந்தின நாள் மண் விழுந்தது. நடுவராக வர வேண்டிய மேஸ்திரிக்குக் காய்ச்சல். தனக்குப் பதிலாக 'தூக்குக்குண்டு' வருவார் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவர் இஸ்திரி போட்ட சட்டையில் கலெக்டர் மாதிரி கிளம்ப, நான் வேடிக்கை பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

நல்லவேளை, யார் எந்தக் குழு என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாதாம். பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில் இவரும் இன்னொரு நடுவரான இன்ஜினியர் அம்மாவும், நம்பர் அட்டை மட்டும் நட்டிருந்த பெஞ்சுகளைச் சுற்றிப் பார்த்தார்கள். பெற்றவர்கள் குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். பிள்ளைகள் திரும்பி வந்து மீதி வேலையை முடிக்கக் கொஞ்ச நேரம் உண்டு. வெளியாள் கை வைத்த பெஞ்சு போட்டியிலேயே கிடையாது.

முதல் பெஞ்சில் ஏறி உட்கார ஏணி வேண்டும். இரண்டாவதைக் கட்டிய பிள்ளைகள் சிமெண்டு வாளியையும் உள்ளே வைத்துக் கட்டிவிட்டார்கள். கைப்பிடி மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. இன்ஜினியர் அம்மா சிரிப்பை மறைக்க இருமினார். மூன்றாவது எங்கள் மகள் குழுவுடையது, படத்தை எனக்கு மட்டும் காட்டியிருந்தாள். ஒரு பாதி பெரியவர்களுக்கு, மறு பாதி பொடிசுகளின் கால் தரையில் படும்படி தாழ்வாக. இவர் அதன் முன்னால் அசையாமல் நின்றார். யோசித்தது கெட்டிக்காரப் பிள்ளை என்று அந்த அம்மாவிடம் சொன்னார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன்.

மேல் வரிசையில் ஒரு கல் துளி துருத்திக்கொண்டிருந்தது. அந்த அம்மா குனிந்து மார்க் எழுதிக்கொண்டிருந்தார். இவர் வாய் அவரிடம் பேசிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்குக் கீழே கிடந்த கரண்டியை எடுத்தது, கல்லைத் தட்டியது, பிதுங்கிய கலவையை வழித்தது, கட்டைவிரலால் அழுத்திவிட்டது. ஒரு கல்லோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் மேல் வரிசை முழுக்க ஆயிற்று. நான் கயிற்றைத் தாண்டி ஓடி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னங்க, கை வச்சிட்டீங்களே."

"யாரு, நானா?" என்று தன் கையைப் பார்த்தார். கரண்டி அதில்தான் இருந்தது.

சத்தியமாக அவருக்கே தெரியவில்லை. ஐயோ, இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று அவர் அந்த அம்மா பக்கம் திரும்புவதற்குள் மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று வந்துவிட்டார்கள்.

மகள் ஹெல்மெட்டோடு வந்து பெஞ்சைப் பார்த்து நின்றாள். மேல் வரிசையில் பதிந்திருந்த கட்டைவிரல் தடத்தை விரலால் தடவினாள். பேசாமல் இருந்திருந்தால் முதல் பரிசே கிடைத்திருக்கும். என் மகளுக்கு அந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வரும்?

"மேடம், இது நாங்க வச்சது இல்ல. எங்க அப்பா கை இது."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். எதிரே கரண்டியோடு அப்பா. இவர் அவள் புருவத்தில் ஒட்டியிருந்த சிமெண்டைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் மேகத்தைப் பார்த்தேன். பிறகு அந்த அம்மாவிடம், அது தன் மகள் என்றும், அறியாமல் கை வைத்தது தான்தான் என்றும், இனித் தான் மார்க் போடுவது சரியில்லை என்றும் ஒப்புக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்தார். அந்த வரிசையைப் பிரித்துவிட்டு நாங்களே கட்டினால் செல்லுமா என்று மகள் கேட்டாள். நேரம் முடிவதற்குள் கட்டினால் செல்லும் என்றார் அந்த அம்மா.

அவ்வளவுதான், கல் கல்லாகப் பிடுங்க ஆரம்பித்தாள். இவர் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு கல் வரும்போதும் தன் பல்லைப் பிடுங்குகிற மாதிரி முகம் கோணினார். தோழிகள் கலவை போட, மகள் வரிசையைத் திரும்ப வைத்து முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. ஓரத்தில் லேசாகக் கோணல்தான். அந்த அம்மா தனியாக மார்க் போட்டார். ஐந்தாம் நம்பருக்கு முதல் இடம், மூன்றாம் நம்பருக்கு இரண்டாம் இடம்.

பயிற்சிப் பள்ளியில் சேர்க்க அப்பாவுக்குச் சம்மதமா என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் அக்குளிலிருந்து கைகளை எடுத்தார்.

"இத்தனை வருஷத்துல என் வேலைய ஒருத்தரும் பிரிச்சதில்ல. இவ பிரிச்சுப் போட்டுட்டா. இனிமே நான் என்னத்தச் சொல்லித் தடுக்கறது? சேத்துக்கங்க."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், எதிரே வந்தவர்களை நிறுத்தி நிறுத்தி, தன் வேலையைப் பிரித்தது தன் மகள்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நடுத்தெருவில் வெட்கமில்லாமல் அழுதுகொண்டே நடந்தேன்.