அலைக்கு அப்பால் கேட்கும் பாட்டு

பிரசங்கம் முடியட்டும் என்று ரங்கன் கடலிலேயே காத்திருக்கிறான். அலை உடையும் இடத்துக்கு அப்பால் அவனுடைய ஒற்றையாள் கட்டுமரம் ஏறி இறங்குகிறது. துடுப்பு மடிமேல் கிடக்கிறது. கரையில் கம்பத்தின் உச்சியில் கட்டியிருக்கும் ரேடியோக் குழாயில் யாரோ ஒரு கனவான் பல் துலக்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு ஓய்ந்து ஒரு பிடில் எழுகிறது. ரங்கன் தலையை இப்படியும் அப்படியும் ஒருமுறை திருப்பிவிட்டுத் துடுப்பை நீரில் போடுகிறான். மரம் நொச்சிக்குப்பத்தில் அவன் குடிசைக்கு எதிரே வந்து மணலில் முட்டுகிறது.

"எங்க மாமா இன்னும் புதுமாப்ள சார். மேளம் கொட்டினாத்தான் கரை எறங்குவாரு" என்பான் கோபால். ரங்கனின் மனைவி குப்பம்மாவுக்கு அவன் தம்பி. குப்பத்தில் நாலு பேர் கேட்கும் ஆள்.

ரங்கனுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். காற்றுக்குப் பயந்து மற்றவர்கள் காதை மூடித் தலைத்துணி கட்டுவார்கள்; அவன் காது இரண்டையும் வெளியே விட்டுத்தான் கட்டுவான். காதில் தண்ணீர் நின்றுவிட்டால் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே கரையைச் சுற்றிவருவான். அது வடியும்வரை யாரோடும் பேசமாட்டான்.

பாடகர்களைப் பற்றி அவனுக்குத் திடமான அபிப்பிராயங்கள் உண்டு. எல்லாம் ஒரே அளவுகோல்தான்: அலையைத் தாண்டுகிறதா, இல்லையா. "வீணை கரையிலயே குந்திக்கும் சார், பெரிய எடத்துப் பொம்பள மாரி. மத்தளம் அலையோட அலையா பூடும். பிடிலு வரும். நாயனம் வச்சான்னா நான் கண்ண மூடிக்கினே வருவேன்." சபைகளில் கொண்டாடப்படும் ஒரு வித்துவானைப் பற்றிக் கேட்டேன். "அவுரா? மூக்கால பாடறாரு. பாதி வழியில முழுகிப் பூடுது" என்று தள்ளிவிட்டான். மயிலாப்பூர்த் தெப்பத்தின்போது குளத்துக்கு எதிர்க்கரையில் நிற்பான். நாயனம் தண்ணீரைக் கடந்து வருவதைக் கேட்டுவிட்டு, சுவாமியைப் பார்க்காமலே திரும்பிவிடுவான்.

எனக்கு அவனைத் தெரிந்தது குப்பம்மாவால். எங்கள் வீட்டுக்கு வழக்கமாக மீன் கொண்டுவருகிறவள் அவள். சென்ற மாசியில் என் மனைவி இறந்தபோது, கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். குப்பத்துச் சாவுகளில் அவள் குரல் எடுத்தால் மற்றப் பெண்கள் நிறுத்திவிட்டு மூச்சு வாங்குவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வீட்டில் கிராமபோனை அதன்பின் நான் திறக்கவில்லை. கடற்கரைக் குழாய் குறிப்பாக யாருக்காகவும் பாடுவதில்லையாகையால், அதனடியில் உட்கார முடிந்தது.

குப்பம்மாவுக்குக் குழாயைக் கண்டால் ஆகாது. "தகர வாயி. அழத் தெரியுமா அதுக்கு?" என்பாள்.

விளக்கு வைத்த பிறகு ரங்கன் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை; தோளுக்கு மேலே எதையோ பார்த்துப் பேசுவான். ஒரு மாலை நான் வாய் திறவாமல் அவனெதிரே போய் நின்றேன். "யாரு?" என்றான். நான் பேசியதும் சிரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான்.

"பகல்ல ஊசி கோப்பேன் சார். பொழுது சாஞ்சா கரி பூசின மாரி ஆயிடுது. கொழா எந்தக் காதுல கேக்குதுன்னு வச்சித்தான் கரை பிடிக்கிறேன். கோபாலு காதுல போட்டுடாத. மரத்த வாங்கிக்கினு கரைவலை இழுக்க அனுப்பிடுவான்."

"குப்பம்மாவுக்கு?"

"அவளுக்குத் தெரியாம இன்னா கீது."

கரைவலையில் வயதானவர்களும் பெண்களும் கயிறு பிடித்து, கூவிக்கொண்டே இழுப்பார்கள். அந்தக் கூவலை நினைத்தாலே ரங்கன் முகம் சுளிப்பான்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் குழாய் பாடவில்லை. எங்கோ கம்பி அறுந்துவிட்டதாம். கேட்க வந்தவர்கள் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். இருட்டிவிட்டது. ரங்கன் வரவில்லை. அந்த மாதங்களில் நீரோட்டம் வடக்கே இழுக்கும். கூவம் கடலில் விழும் இடத்தில் மரம் புரண்டு ஆள் போனதுண்டு.

"வந்துடுவாரு. அவ்ளோ வெளக்கு எரியுது, பாத்துக்கினு வரமாட்டாரா?" என்றான் கோபால்.

குப்பம்மா கையைக் குவித்துப் புருஷனைக் கூப்பிட்டாள். அலை அதை அங்கேயே விழுங்கிற்று. மறுபடி கூப்பிட்டாள். பிறகு ஈர மணலில் உட்கார்ந்தாள். கூந்தலை அவிழ்த்தாள். மாரில் ஓர் அடி அடித்துக்கொண்டு, கடலைப் பார்த்து ஒப்பாரியை எடுத்தாள்.

ஆள் கடலில் இருக்கும்போது அந்தக் குப்பத்தில் யாரும் செய்யாத காரியம் அது. பக்கத்துக் குடிசைக் கெங்கம்மா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "புருசன் தண்ணியில கீறான். இன்னாடி வாயி இது, அறிவு கெட்டவளே." குப்பம்மா அந்தக் கையைக் கடித்து விலக்கிவிட்டு, விட்ட இடத்தில் தொடர்ந்தாள்.

"மாலக்கண்ண மறச்சவனே, என் ராசாவே,
மச்சானுக்குந் தெரியாம மரம் ஏறிப் போனவனே..."

ராகம் சாவு ராகம். சொல் மட்டும் வசவு. மேல்காற்று அதை அப்படியே கடலுக்குள் தூக்கிக்கொண்டு போயிற்று. கோபால் இரண்டாவது அடியில்தான் தமக்கையைத் திரும்பிப் பார்த்தான்.

"மாலைக்கண்ணா?"

அவள் நிறுத்தாமல் கையால் தண்ணீரைக் காட்டினாள். கோபால் இடுப்பளவு நீரில் இறங்கி நின்றான். கெங்கம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குப்பம்மா வைதுகொண்டே இருந்தாள். அவன் பிறந்த வேளையை, அவன் குடித்த கள்ளை, கல்யாணத்துக்கு அவன் கட்டிவந்த வேட்டியை.

மரம் வெகுநேரம் கழித்து வந்தது. அலையில் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. கோபால் பாய்ந்து முனையைப் பிடித்தான். ரங்கன் குதித்து, குரல் வந்த திக்கில் மணலில் தட்டுத் தடுமாறி ஓடிவந்தான்.

"யாரு பூட்டாங்க? அத்தையா? சொல்லுடி, யாரு?"

"நீதான்யா பூட்டே. எட்த்தாச்சி, பொதைச்சாச்சி" என்றாள் குப்பம்மா. அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டிருந்தது. "வா, வந்து சோறு துன்னு."

யாரும் சிரிக்கவில்லை. கோபால் மரத்திலிருந்து துடுப்பை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"மாமா, நாளிக்கிலேந்து மரம் என்னாண்ட இருக்கட்டும்."

ரங்கன் அவன் பேசிய பக்கம் முகத்தைத் திருப்பினான். கண் நன்றாகத் தெரிகிறது என்று சாதிப்பான் என எதிர்பார்த்தேன். அவன் தலைத்துணியை அவிழ்த்துப் பிழிந்தான். குப்பம்மா கூந்தலை முடிந்துகொண்டு எழுந்து குடிசையை நோக்கி நடந்தாள். அவன் கை இருட்டில் துழாவி அவள் முந்தானையின் நுனியைப் பற்றிக்கொண்டது. அத்தனை பேர் பார்த்திருக்க, அதைப் பிடித்தபடி அவள் பின்னால் போனான்.