பதினேழு இலையும் பதினெட்டாவது ஆளும்

லூர்துசாமி இறந்துவிட்டார் என்ற செய்தி ஒரு புதன்கிழமை எனக்குத் தபால் கார்டில் வந்தது. எழுதியவர் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன். "நம் லூர்துசாமி ஞாயிறு மதியம் பாலக்கரையில் தம் வீட்டிலேயே காலமானார். நேற்று அடக்கம் ஆயிற்று. முன்கூட்டித் தெரிவிக்க முடியாமற் போனதற்கு க்ஷமிக்க வேணும்" என்று நாலே வரி. பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அதை இரண்டு தடவை படித்தேன்.

அன்று அழுகை வரவில்லை. சனிக்கிழமை எங்கள் ஞாயிறு மலைநடைக் குழுவின் சுற்றறிக்கை வந்தபோது வந்தது ஆத்திரம். கருப்புக் கட்டம் கட்டி, பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே இப்படி அச்சடித்திருந்தார்கள்: "ஒரு சிறு கவனக்குறைவின் காரணமாகக் குழுவிலிருந்து விலக நேர்ந்தபோதிலும், அன்னார் மலைகளின்மீது கொண்டிருந்த அன்பு மறக்கத்தக்கதல்ல." மனிதர் மண்ணுக்குள் போய் ஒரு வாரம் ஆகவில்லை. அதற்குள் கவனக்குறைவாம். அவரை அறிந்தவர்களும் அவரோடு நடந்தவர்களும்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். அந்த ஒரு வரி பொய் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அஞ்சலிக் கட்டுரையில் கோபம் கூடாது என்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

அவர் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் டிரேசராக இருந்தார். பொறியாளர்கள் போடும் வரைபடங்களை மை தொட்டு நகல் எடுக்கும் வேலை. என்னைவிட இரண்டு வயது இளையவர். எழுபதுகளின் நடுவில் குழு தொடங்கியபோது நானும் அவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். சர்ச்சில் ஞாயிறு விடியற்காலைப் பூசையை முடித்துக்கொண்டு, நெற்றியில் தீர்த்தத்தின் ஈரம் காயாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்பார். கான்வாஸ் ஷூ, தோளில் ஒரு ஜோல்னாப் பை. நாங்கள் போன பாதைகளை எல்லாம் வரைந்து வைத்தவர் அவர்தான். பச்சைமலைக்கு நாங்கள் போன ஏழு வழிகளும், எந்த வளைவில் ஊற்று இருக்கிறது, எந்தப் பாறை மழையில் வழுக்கும் என்பது வரை, அவருடைய பென்சிலில் இருந்தன. குழு இன்றைக்கும் அந்தத் தாள்களைத்தான் நகலெடுத்துக் கொடுக்கிறது. கீழே அவர் பெயர் இருந்த இடத்தில் இப்போது குழுவின் முத்திரை இருக்கிறது.

நடக்கும்போது அவர் எப்போதும் கடைசி ஆள். முதலில் உச்சிக்குப் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பதற்கு எங்களில் பெரிய போட்டியே நடக்கும். குழுத் தலைவர் அதில் முதல் ஆள். லூர்துசாமியோ, மூச்சு வாங்குபவர் யார், செருப்பு அறுந்தவர் யார் என்று பார்த்துக்கொண்டே பின்னால் வருவார். "முன்னால போறவருக்கு மலைதான் தெரியும் வாத்தியாரே. பின்னால வர்றவனுக்கு மனுஷங்களும் தெரியும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வேகமாக நடந்து போய்விட்டேன்.

தலைவருக்கு அவர்மேல் ஏன் கோபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலைமேல் ஒரு சிற்றூரை ஒட்டிச் சீத்தா மரங்கள் நின்றன. காய்த்துத் தொங்கின. நம்மவர்கள் ஆளுக்கு நாலு பறித்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். "காட்டுப் பழம்தானே சார், யாரு கேக்கப் போறா?" என்றார் தலைவர். லூர்துசாமி பையை இறக்கி வைத்துவிட்டு, "வேலி இல்லைன்னா சொந்தக்காரங்க இல்லைன்னு அர்த்தமா? நீங்க இருங்க, நான் கேட்டுட்டு வரேன்" என்று போனார். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவை அழைத்து வந்தார். அந்த அம்மா எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, "கேட்டிருந்தா நல்ல பழமா நானே பறிச்சுக் குடுத்திருப்பேனுங்களே. இதெல்லாம் செங்காயுங்க" என்றது. படித்த பதினைந்து பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையில் நின்று பழங்களைத் தரையில் வைத்தோம். தலைவர் அன்று பஸ்ஸில் அவரோடு பேசவில்லை.

மலையில் ஓர் இலைக் குப்பைகூட விட்டுவரக் கூடாது என்பதும் லூர்துசாமி கொண்டுவந்த வழக்கம்தான். சத்திரத்தில் ஒரு மெஸ்ஸில் ஆளுக்கு ஒரு புளியோதரைப் பொட்டலம் வாங்குவோம். சாப்பிட்டு முடித்ததும் இலையையும் காகிதத்தையும் மடித்து ஒரு சாக்குப் பையில் போட வேண்டும். இறங்கும் முன் ஒருவர் அதை எண்ணுவார். அதற்குப் பிறகு ஆட்களை முகம் பார்த்து எண்ண வேண்டும். எங்களுக்கு இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாகவே வந்ததால், போகப்போக இலையை எண்ணியதோடு நிறுத்திக்கொள்ளும் சோம்பல் வந்துவிட்டது. அவர் மட்டும் விடமாட்டார். "இலையை எண்றது மலைக்காக. ஆளை எண்றது நமக்காக. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க" என்பார். அவருடைய நச்சரிப்பு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். தை மாதத்து ஞாயிறு, ஏகாதசி. பதினெட்டுப் பேர் பச்சைமலை ஏறினோம். ரங்கராஜன் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர், ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். ஏகாதசியன்று பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடமாட்டார். ஆகவே மெஸ்ஸில் வாங்கியது பதினேழு பொட்டலம். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அவர், "நான் ஓடைப் பக்கம் போய் மாத்தியானிகம் பண்ணிட்டு வந்துடறேன்" என்று பாறைகளுக்குக் கீழே இறங்கிப் போனார். மதியச் சந்தியை முடித்தவர், வெறும் வயிற்றில் மலையேறிய களைப்பில் ஓடைக்கரை மரத்தடியில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டார்.

அன்று உடன் வந்த பெரியவர் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. லூர்துசாமி அவரைத் தாங்கிக்கொண்டு முன்னதாகவே மெல்ல இறங்க வேண்டியதாயிற்று. போகும்போது, எண்ணும் வேலையை எங்களில் ஒருவரிடம் தனியாக ஒப்படைத்துவிட்டுப் போனார். "முகத்தைப் பார்த்து எண்ணுங்க" என்று சொல்லியும் போனார். அந்த ஆள் சாக்குப் பையைத் திறந்து பதினேழு இலை எண்ணினார். வாங்கியது பதினேழு, வந்தது பதினேழு. "எல்லாரும் ஆச்சு, கிளம்பலாம்" என்றார். பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த யாரும் அது யார் குரல் என்று திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்பிவிட்டோம்.

அடிவாரத்தில் கடைசி பஸ் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு லூர்துசாமி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "சாமி எங்கே?" என்றார். ரங்கராஜனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். யாருக்கும் தெரியவில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அவர் ஒண்ணும் சின்னக் குழந்தை இல்லை சார். யாராவது ஊருக்காரங்க வீட்டுல இருந்துட்டுக் காலையில வந்துடுவார். இதை விட்டா வேற பஸ் கிடையாது." லூர்துசாமி பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் மலையைப் பார்த்து நடந்ததைப் பதினாறு பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ஒருவர்கூட இறங்கவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் கிளம்பியது, துறையூர் தாண்டியதும் யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துச் சுற்றில் விட்டார்கள். நானும் ஒன்று எடுத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மறுநாள் பகலில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். நடந்ததை ரங்கராஜன் சொல்லித்தான் நான் அறிவேன். "பிரமை பிடிச்சாப்போல ஒத்தையடிப் பாதையில நின்னுண்டிருந்தேன். டார்ச்சை அடிச்சுண்டு என் பேரைக் கூப்பிட்டுண்டே வந்தார். மலைக்காரா ஆத்துத் திண்ணையில படுத்துண்டோம். அவா சாமைச் சோறு கொடுத்தா, நான் ஏகாதசின்னுட்டேன். அவரும் சாப்பிடலை ஓய், நான் சாப்பிடலைங்கறதுக்காக! விடிகாலையில பார்த்தா ஆளைக் காணோம். துண்டு நிறைய நெல்லிக்காயோட வரார். 'துவாதசிக்கு இது வேணும்னு நீங்க ஒருநாள் சொன்னீங்களே சாமி'ன்னார். என் விரதத்தை முடிச்சுப் பாரணை பண்ணிவெச்சது அந்தக் கிறிஸ்தவர்தான்" என்றார்.

இதற்கு என்ன செய்திருக்க வேண்டும்? குழுவே அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்க வேண்டும். நடந்தது வேறு. அனுமதியில்லாமல் இரண்டு பேர் காப்புக் காட்டில் தங்கியது எப்படி என்று வனத்துறையிலிருந்து விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது. கேட்டது நியாயம்தான். தலைவருக்கோ, இனி மலைக்கு அனுமதி கிடைக்காமல் போய்விடுமோ என்று நடுக்கம். அவசரமாகக் கூட்டம் போட்டார். "அன்னிக்கு ஆளை எண்ணினது யாரு?" என்று கேட்டார். லூர்துசாமி எழுந்தார். "பொறுப்பு என்னுது சார். எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள். கவனக்குறைவாக நடந்துகொண்ட உறுப்பினரை நீக்கிவிட்டோம் என்று விளக்கக் கடிதம் தயாராயிற்று. ஆளுக்கு ஆள் கைமாறியது. ரங்கராஜன் ஒருவர்தான், "இந்தப் பாபத்துல அடியேனுக்குப் பங்கு வேண்டாம்" என்று துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். மற்ற எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். வனத்துறை சமாதானமாயிற்று. பேனா மூடியை மாட்டிக்கொண்டே தலைவர், "இனிமே எண்ற வேலையை நம்ம வாத்தியார் பார்த்துக்கட்டும், நம்பிக்கையான ஆள்" என்றார்.

வாத்தியார் என்றால் நான். அன்றைக்கு மலைமேல் லூர்துசாமி எண்ணச் சொல்லிவிட்டுப் போன ஆளும் நான்தான். மெஸ்ஸில் "பதினேழு போதும்" என்று சொன்னவனும் நான், பதினேழு இலையை எண்ணி "எல்லாரும் ஆச்சு" என்றவனும் நான். தலைவரைத் திட்டுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. அவருக்கு உண்மை தெரியாது. எனக்குத் தெரியும், லூர்துசாமிக்குத் தெரியும். அந்த அறையில் அவர் எழுந்து நின்றபோது என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் என் முகத்தைப் பார்த்தே எல்லோரும் கண்டுபிடித்திருப்பார்கள் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் தனியாகத்தான் போனார். அனுமதிச் சீட்டைத் தானே எழுதி வாங்கிக்கொண்டு, பூசை முடிந்து, அதே பஸ்ஸில். சில ஞாயிறுகளில் குழுவும் அவரும் ஒரே பஸ்ஸில் ஏற நேரும். "வாங்க வாங்க" என்று எல்லோரிடமும் சிரிப்பார். மலையடியில் இறங்கியதும் நாங்கள் போகாத பக்கம் திரும்பி நடப்பார். எனக்கு அந்த ஞாயிறுகள் நரகம்.

நாலைந்து வருடம் கழித்து ஒருநாள் மாலை பொறுக்க முடியாமல் பாலக்கரைக்குப் போனேன். கேட்டைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். உட்காரவைத்துக் காபி கொண்டுவரச் சொன்னார். "ஏன் என் பேரைச் சொல்லலை?" என்று கேட்டேன். கேள்வியில் நன்றியைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. இவ்வளவு பெரிய கடனை ஒருவன்மேல் ஏற்றிவிட்டு ஒருவர் எப்படி நிம்மதியாகச் சிரிக்கலாம் என்ற கோபம். அவர் காபியை என் பக்கம் நகர்த்தினார். "உங்க பேரைச் சொல்லியிருந்தா நீங்க அவமானப்பட்டு மலைப் பக்கமே வராம இருந்திருப்பீங்க வாத்தியாரே. என்னைத் தொரத்துனாலும் நான் போவேன். அதனால நான் சொன்னதுதான் சரி" என்றார். பிறகு, புது வழியில் ஓர் ஊற்றைப் பார்த்ததாகச் சொல்லி, காகிதத்தில் வரைந்து காட்டத் தொடங்கிவிட்டார். நாளைக்கே குழுவில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தபோது வாக்குக் கொடுத்தேன். நாளைக்கு என்ற நாள் வரவே இல்லை. அவர் நினைவுபடுத்தவும் இல்லை.

இப்போது சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர்கள்மேல் எரிந்து விழுகிறேன். அந்த வரியை எழுதியவருக்கு அன்று வயது பத்துப் பன்னிரண்டு இருக்கும். பழைய கோப்பைப் பார்த்து நல்லெண்ணத்தோடு எழுதியிருப்பார். அந்தக் கோப்பில் என் கையெழுத்தும் இருக்கிறது, மணிமணியாக. குழுச் செயலாளருக்கு நேற்றுக் கடிதம் எழுதிவிட்டேன். அந்த வரியை எடுத்துவிட்டுக் கவனக்குறைவுக்கு உரியவன் பெயரைப் போடும்படியும், பாதை வரைபடங்களின் கீழே வரைந்தவர் பெயரைத் திரும்ப எழுதும்படியும் கேட்டிருக்கிறேன். செய்வார்களோ என்னவோ.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது எது என்று சொல்லி முடிப்பது முறை. கைத்தடி, பேனா, புகைப்படம் எதுவும் என்னிடம் இல்லை. பத்து வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. உச்சியில் காற்று வாங்கியதும், முதல் மழைக்குப் பிறகு ஓடை நிறைந்ததைப் பார்த்ததும், தலை நிமிர்ந்து பஸ் ஏறி வீடு திரும்பியதும், எல்லாம் அவர் வாய் திறக்காமல் இருந்ததால் எனக்குக் கிடைத்தவை. ஒன்றையும் இனித் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அவர் உயிரோடு இருந்தவரை சொல்லாத பெயர் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அதை நானே சொல்லிவிடுகிறேன். ரங்கராஜனை மலையில் விட்டுவிட்டு வந்தவன்,

மு. தங்கவேலு,
உறையூர்.