என் சொல்லுக்கு நின்ற ஓட்டக்காரர்

பிள்ளைகளே, நான் கண்டி டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்த காலத்தில் நடந்தது இது. கல்யாணக்காரர்களையும் அடையாள அட்டைக்கு வருபவர்களையும் கதிரையில் உட்காரவைத்து, "இங்க பாருங்க, அசையாதீங்க" என்று சொல்லிப் படம் எடுப்பதுதான் என் வேலை.

ஒரு சித்திரைப் புத்தாண்டுக்கு நடந்த மரதன் ஓட்டத்தைப் படம்பிடிக்க முதலாளி என்னை அனுப்பினார். டவுனில் தொடங்கி ஹந்தானை மலையில் முடியும் ஓட்டம். முதல் இரண்டு பேரை ஒரு விளையாட்டுக் கழகம் தன் அணியில் எடுக்கும், டவுனில் வேலையும் கொடுக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஏற்றத்தின் கடைசி வளைவில் நின்றேன். ஓடுபவர்களின் கஷ்டம் முகத்தில் தெரிகிற இடம் அதுதான் என்பது என் கணக்கு. முதல் ஆள் போய்விட்டார். அடுத்து வந்தவர் ஹந்தானைத் தோட்டத்து இளைஞர், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். வெறுங்கால். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. தலையைக் குனிந்தபடி வந்ததால் முகம் கமராவில் விழவில்லை. பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

"தம்பி, இங்க பாருங்க."

அவர் நின்றுவிட்டார்.

தோட்டத்தில் அப்போதெல்லாம் படம் எடுப்பது பெரிய காரியம். கமராவைத் தூக்கினால் அசையாமல் நிற்பதுதான் மரியாதை. அவர் பனியனை இழுத்துவிட்டார், முகத்தைத் துடைத்தார், கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து என்னைப் பார்த்தார். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. "ஓடுங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, படத்தை எடுத்தேன். அதற்குள் பின்னால் வந்தவர் தாண்டிப் போய்விட்டார். நின்ற கால் அதன்பிறகு ஏற்றத்தில் எடுபடவில்லை. மூன்றாவதாகத்தான் வந்தார்.

கழகத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லிப் பார்த்தேன். முடிந்த போட்டி முடிந்ததுதான் என்றார்கள்.

சில நாள் கழித்து அவர் கூட்டாளியோடு ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"ஓடப் போன எடத்துல மாப்பிள்ள போட்டோ எடுத்துக்கிட்டு வந்தது இவருதாங்க" என்றார் கூட்டாளி, அவரைக் காட்டி.

"நான் கூப்பிட்டதுதான் தப்பு தம்பி. என்னாலதான் போச்சு" என்றேன்.

"நீங்க என்னாண்ணே பண்ணுவீங்க. ஓடிக்கிட்டே இருந்தா படம் கலங்கிப்போகும்ல. பிலிம் வீணாகக் கூடாதுன்னு நின்னேன்."

திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தார்.

"பஸ்ஸுக்கு நிக்கிறியாடான்னு அம்மா கேக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை அதே வளைவுக்கு வரச் சொன்னேன். கீழிருந்து தனியாக ஓடி வந்தார். நான் வாயைத் திறக்காமல் படத்தை எடுத்தேன். அவரும் என் பக்கம் திரும்பவில்லை. தாண்டிப் போய்த் தேயிலைச் செடியோரம் குந்தி வாந்தி எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "இதுல ஓடுற மாதிரி விழுந்திருக்குமாண்ணே?" என்று கேட்டார்.

நன்றாகவே விழுந்திருந்தது. படத்தைக் கழுவிக் கொண்டுபோனபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். தோட்டத்து லய வீட்டில் அவருடைய அம்மாதான் வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"போட்டியில இப்படி ஓடியுமா தம்பி எம்புள்ளைய எடுக்காம வுட்டாங்க?"

அது போட்டியில் எடுத்த படம் அல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சும்மா வந்துவிட்டேன்.